பழைய மின்னஞ்சல் மென்பொருளில் சான்றிதழ் எச்சரிக்கை: ‘ஆம்’ என்று அழுத்துவதற்கு முன்

மென்பொருளைத் திறந்ததும் ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கிறது. ‘நீங்கள் இணைந்திருக்கும் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை, தொடரலாமா?’ என்று கேட்கிறது. ‘ஆம்’ என்றால் அஞ்சல் வருகிறது, ‘இல்லை’ என்றால் வருவதில்லை. ஆகவே எல்லோரும் ‘ஆம்’ அழுத்துகிறார்கள். மறுநாளும் வருகிறது, மறுநாளும் அழுத்துகிறார்கள். சில மாதங்களில் அது எச்சரிக்கை என்பதே மறந்துபோய், அஞ்சல் பார்ப்பதற்கு முன் செய்யும் ஒரு சடங்காகிவிடுகிறது.

அந்தப் பெட்டி எந்த நேரத்தில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். மென்பொருள் சர்வரைத் தொட்டதும் முதலில் குறியாக்க இணைப்பு உருவாக வேண்டும். அப்போது சர்வர் தன் அடையாள அட்டையான சான்றிதழைக் காட்டும். அது சரியாக இருந்தால் அடுத்த நொடியே உங்கள் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அந்த இணைப்பில் போகும். எச்சரிக்கை வருவது இந்த இரண்டுக்கும் நடுவில். ‘எதிரில் இருப்பவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை, இருந்தாலும் சாவியைக் கொடுத்துவிடட்டுமா?’ என்பதுதான் அதன் கேள்வி. ‘இல்லை’ என்று சொல்வதில் உங்களுக்கு நஷ்டம் எதுவும் கிடையாது, அஞ்சல் சர்வரிலேயே பத்திரமாக இருக்கும். ‘ஆம்’ என்றால் பாஸ்வேர்டு போய்விடும். வங்கி முதல் சமூக ஊடகம் வரை எல்லாக் கணக்குக்கும் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ இணைப்பு வந்து சேர்வது இந்த அஞ்சல் பெட்டிக்குத்தான். அதனால்தான் இதை ஒரு சில்லறைத் தொல்லையாக ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்த எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை திருட்டினால் வருபவை அல்ல, ஏதோ ஒரு சாதாரணக் கோளாறினால் வருபவை. மென்பொருள் மூன்றே விஷயங்களைப் பார்க்கிறது. சான்றிதழில் இருக்கும் பெயரும் நான் தேடிப் போன பெயரும் ஒன்றா? இன்றைய தேதி அதன் செல்லுபடிக் காலத்துக்குள் இருக்கிறதா? அதில் கையெழுத்திட்டவர் எனக்குத் தெரிந்தவரா? இவற்றுக்கெல்லாம் முன்பாக, இரு தரப்புக்கும் பொதுவான மொழி ஒன்று இருக்க வேண்டும். குறியாக்க இணைப்புக்கான விதிமுறையான டிஎல்எஸ்ஸின் பதிப்பு என்பது அந்த மொழிதான். இந்த நான்கில் எது தவறியது என்று தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. தெரியாமல் ஆன்டிவைரஸை நிறுத்துவது, கணக்கை அழித்து மறுபடி சேர்ப்பது, குறியாக்கத்தையே அணைத்துவிடுவது என்று கைபோன போக்கில் செய்யப்படும் ‘திருத்தங்கள்’தான் உண்மையான ஆபத்து.

முதலில் படியுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் அந்தப் பெட்டியில் இருக்கும் ‘வியூ சர்டிபிகேட்’ பொத்தானை அழுத்துங்கள். யாருக்கு வழங்கப்பட்டது, யார் வழங்கியது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ‘டீட்டெய்ல்ஸ்’ பகுதிக்குப் போய் ‘சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம்’ என்ற வரியைத் தேடுங்கள். முதல் பக்கத்தில் தெரியும் பெயர் ஒன்றுதான். ஆனால் சான்றிதழ் எந்தெந்தப் பெயர்களுக்குச் செல்லும் என்ற முழுப் பட்டியல் இந்த வரியில்தான் இருக்கிறது. முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பெயர் தவறு என்று முடிவு கட்டுகிறவர்கள் அதிகம்.

கூடவே மூன்று விஷயங்களைச் சோதித்துப் பாருங்கள். அதே கணக்கு வேறு கணினியிலோ போனிலோ எச்சரிக்கை இல்லாமல் திறக்கிறதா? திறந்தால் சர்வர் அநேகமாக நன்றாக இருக்கிறது, கோளாறு உங்கள் கணினியில். எச்சரிக்கை அஞ்சல் வரும்போது வருகிறதா, அனுப்பும்போதா? இரண்டும் வெவ்வேறு சர்வராக இருக்கலாம், சான்றிதழும் வேறாக இருக்கலாம். வேறு இணைய இணைப்பில் என்ன ஆகிறது? விடுதி, விமான நிலையம் போன்ற இடங்களின் வைஃபையில் மட்டும் வந்தால், அங்கே உள்நுழைவுப் பக்கம் காட்டும் கருவி உங்கள் இணைப்பை மறித்துத் தன் சான்றிதழைக் காட்டுகிறது என்று பொருள். அங்கே ‘ஆம்’ அழுத்தவே கூடாது. பிரவுசரைத் திறந்து அந்த உள்நுழைவை முடித்த பிறகு அஞ்சலைத் திறந்தால் போதும்.

கட்டளை வரி பழகியவர்களுக்கு இதைவிடத் துல்லியமான வழி ஒன்று உண்டு. ஒரு புதிய கணினியில் ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியின் ‘எஸ்_கிளையன்ட்’ கட்டளைக்குச் சர்வர் பெயரும், அஞ்சல் எடுக்கும் வாசல் எண்ணான போர்ட் 993உம் கொடுத்து, ‘ஷோசெர்ட்ஸ்’ தெரிவையும் சேர்த்து ஓட்டுங்கள். சர்வர் அனுப்பும் சான்றிதழ்கள் எல்லாம் வரிசையாக வரும், கடைசியில் ஒரு எண் வரும். 0 என்றால் எல்லாம் சரி. 9 என்றால் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை, 10 என்றால் காலாவதி. 18 என்றால் சர்வர் தனக்குத் தானே கையெழுத்திட்டுக்கொண்ட சான்றிதழ். 20 என்றால் வழங்கியவரை இந்தக் கணினிக்குத் தெரியவில்லை. 21 என்றால் பெரும்பாலும் சர்வர் இடைநிலைச் சான்றிதழை (தனக்குக் கையெழுத்திட்ட நிறுவனத்தின் சான்றிதழை) அனுப்ப மறந்திருக்கிறது. ஒன்றை மறக்கக் கூடாது: பெயர்ப் பொருத்தத்தை இந்தக் கட்டளை தானாகப் பார்க்காது. ‘வெரிஃபை_ஹோஸ்ட்நேம்’ தெரிவில் பெயரைக் கொடுத்தால்தான் பார்க்கும், பொருந்தாவிட்டால் 62 என்று சொல்லும். அஞ்சல் அனுப்பும் போர்ட் 587ஐச் சோதிக்க, வெறும் எழுத்தில் தொடங்கிக் குறியாக்கத்துக்கு மாறும் ‘ஸ்டார்ட்டிஎல்எஸ்’ தெரிவுக்கு ‘எஸ்எம்டிபி’ (அஞ்சல் அனுப்பும் முறையின் பெயர்) என்று கொடுக்க வேண்டும்.

பெயர் பொருந்தாதபோது

அவுட்லுக்கில் ‘டார்கெட் பிரின்சிபல் நேம் சரியில்லை’ என்று வருவது இதுதான். சொந்த டொமைனில் அஞ்சல் வைத்திருப்பவர்கள் அதிகம் சந்திப்பதும் இதுதான். செட்டிங்ஸில் ‘மெயில்.உங்கள்டொமைன்.காம்’ என்று எழுதியிருப்பீர்கள். ஆனால் நூற்றுக்கணக்கான டொமைன்கள் ஒரே சர்வரில் குடியிருக்கும் ஹோஸ்டிங்கில், அந்தச் சர்வர் தன் சொந்தப் பெயருக்கான சான்றிதழைத்தான் காட்டும். ஆளும் சரி, முகவரியும் சரி, நீங்கள் அழைக்கும் பெயர்தான் அவர் அடையாள அட்டையில் இல்லை.

எளிய தீர்வு, அடையாள அட்டையில் இருக்கும் பெயரைச் சொல்லி அழைப்பது. சான்றிதழின் பெயர்ப் பட்டியலில் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வர் பெயர் இருக்கும். அது உண்மையிலேயே அந்த நிறுவனத்தின் பெயர்தானா என்று அவர்களுடைய உதவிப் பக்கத்தில் உறுதிசெய்துகொண்டு, வரும் சர்வர், போகும் சர்வர் இரண்டு கட்டங்களிலும் அதை எழுதுங்கள். இந்த உறுதிப்படுத்தலைத் தாண்டிவிடாதீர்கள். எச்சரிக்கையில் தெரியும் பெயரை அப்படியே எடுத்துச் செட்டிங்ஸில் ஒட்டுவது, சந்தேகத்துக்குரியவரிடமே போய் ‘உங்களை நம்பலாமா?’ என்று கேட்பதற்குச் சமம்.

இன்னொரு வழி, சர்வர் பக்கத்தில் உங்கள் டொமைனுக்கும் சான்றிதழ் எடுப்பது. சிபேனல் போன்ற நிர்வாகப் பலகைகளில் ‘ஆட்டோஎஸ்எஸ்எல்’ இதைத் தானாகச் செய்யும். ஆனால் ‘மெயில்’ என்று தொடங்கும் அந்தப் பெயர், எந்தப் பெயர் எந்தச் சர்வருக்கு என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவேட்டில் அதே சர்வரைக் காட்டினால்தான் அது பட்டியலில் சேரும். ஹோஸ்டிங் மாற்றியபோது இணையதளப் பதிவை மட்டும் மாற்றிவிட்டு ‘மெயில்’ பதிவைப் பழைய இடத்திலேயே விட்டிருப்பது வழக்கமான தவறு. நட்சத்திரக் குறிச் சான்றிதழிலும் ஒரு குழி இருக்கிறது. நட்சத்திரம் ஒரே ஒரு படிக்குத்தான் செல்லும். ‘நட்சத்திரம்.உதாரணம்.காம்’ என்பது ‘மெயில்.உதாரணம்.காம்’ என்பதற்குப் பொருந்தும். ‘ஏ.மெயில்.உதாரணம்.காம்’ என்பதற்கும் பொருந்தாது, வெறும் ‘உதாரணம்.காம்’ என்பதற்கும் பொருந்தாது.

பழைய மென்பொருளுக்கே உரிய சிக்கல் ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. ஒரே ஐபி முகவரியில் பல சான்றிதழ்கள் வைத்திருக்கும் சர்வர், எதைக் காட்டுவது என்று முடிவு செய்ய, கிளையன்ட், அதாவது உங்கள் அஞ்சல் மென்பொருள், முதல் வணக்கத்திலேயே தான் தேடி வந்த பெயரைச் சொல்ல வேண்டும். எஸ்என்ஐ என்பது இதன் பெயர். விண்டோஸ் எக்ஸ்பியின் உள்ளமைந்த குறியாக்கப் பகுதிக்கு இது தெரியாது. ஆகவே சர்வர் தன் இயல்பான சான்றிதழையே நீட்டும், பெயர் பொருந்தாது, எச்சரிக்கை வரும். அதே பெயர் புதிய கணினியில் குறையில்லாமல் வேலை செய்யும். ‘சர்வரில் எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று ஹோஸ்டிங் உதவியாளர் சொல்வதும் உண்மைதான், உங்கள் திரையில் தெரிவதும் உண்மைதான். இங்கேயும் சர்வரின் இயல்புப் பெயரைச் செட்டிங்ஸில் எழுதுவதே வழி.

தேதி

‘காலாவதி’ என்றோ ‘இன்னும் நடைமுறைக்கு வரவில்லை’ என்றோ வந்தால் முதலில் உங்கள் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள், முக்கியமாக ஆண்டை. பழைய கணினிகளில் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் போகும் ஒவ்வொரு தடவையும் தேதி பல ஆண்டுகள் பின்னால் ஓடிவிடும். அப்போது ‘இன்னும் நடைமுறைக்கு வரவில்லை’ என்ற வகை எச்சரிக்கை எல்லாத் தளங்களிலும் வரும். அஞ்சலில் மட்டும் வராமல் பிரவுசரிலும் சேர்ந்து வருவதே இதற்கு அடையாளம். பேட்டரியை மாற்றி, தேதியை இணைய நேரத்தோடு ஒத்திசைத்தால் தீர்ந்தது.

கடிகாரம் சரியாக இருந்தும் காலாவதி என்றால் தவறு சர்வர் பக்கம். சர்வரை நீங்களே நடத்துகிறீர்கள் என்றால் இதைக் கவனியுங்கள்: இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் வழக்கமான சான்றிதழ் 90 நாட்களுக்குத்தான் செல்லும். புதுப்பிப்பு தானாக நடந்து புதிய கோப்பு வட்டில் வந்து உட்கார்ந்திருக்கும், ஆனால் அஞ்சலைக் கொடுக்கும் சர்வர் நிரலான டவ்காட் பழைய சான்றிதழை நினைவகத்தில் வைத்துக்கொண்டு அதையே காட்டிக்கொண்டிருக்கும். அதை ‘ரீலோட்’ செய்யாதவரை புதியது வெளியே வராது. சான்றிதழைப் புதுப்பிக்கும் சர்ட்பாட் நிரலின் ‘டிப்ளாய் ஹூக்’ பகுதியில் டவ்காட், அஞ்சல் அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் இரண்டையும் ரீலோட் செய்யும் கட்டளையை ஒருமுறை எழுதிவைத்தால் இந்தப் பிரச்சினை அடியோடு போகும். இணையதளம் நன்றாகத் திறக்கிறது, அஞ்சல் மட்டும் காலாவதி என்கிறது என்றால் பத்தில் ஒன்பது தடவை இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கையெழுத்திட்டவர் யார்?

நான்கிலும் ஆழமானது இதுதான். சர்வரின் சான்றிதழில் ஓர் இடைநிலை நிறுவனம் கையெழுத்திடுகிறது, அந்த இடைநிலையின் சான்றிதழில் ரூட் என்ற தலைமைச் சான்றிதழ் கையெழுத்திடுகிறது. ரூட்டுக்கு மேல் யாரும் இல்லை. கணினியில் முன்கூட்டியே இருக்கும் பட்டியலில் அது இருந்தால் நம்பிக்கை, இல்லாவிட்டால் இல்லை. சங்கிலி எங்கே அறுந்தது என்பதைப் பொறுத்துத் தீர்வும் மாறும்.

சர்வர் தன் சான்றிதழை மட்டும் அனுப்பி இடைநிலையை விட்டுவிட்டால், பல பிரவுசர்கள் அதைத் தாமே தேடி எடுத்துக்கொள்ளும். சான்றிதழுக்குள்ளேயே அதற்கான முகவரி இருக்கிறது. விண்டோஸும் அப்படித் தேடும். தண்டர்பேர்டு என்ற அஞ்சல் மென்பொருள் தேடாது, எச்சரிக்கை காட்டிவிட்டு நின்றுவிடும். அவுட்லுக்கில் சரியாக இருக்கிறது, தண்டர்பேர்டில் மட்டும் கோளாறு என்றால் மென்பொருளைக் குறை சொல்லாதீர்கள். சர்வரில் இடைநிலையும் சேர்ந்த ‘ஃபுல்செயின்’ கோப்பு வைக்க வேண்டிய இடத்தில் வெறும் ‘செர்ட்’ கோப்பு வைக்கப்பட்டிருக்கிறது. திருத்த வேண்டியது அங்கேதான்.

சங்கிலி முழுதாக இருந்தும் பழைய கணினி மறுத்தால், அதன் ரூட் பட்டியல் பழசு. 2021 செப்டம்பர் 30 அன்று இது பெரிய அளவில் நடந்தது. லெட்ஸ் என்கிரிப்ட் தொடக்கத்தில் துணைக்கு வைத்திருந்த ‘டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3’ என்ற ரூட் அன்று காலாவதியானது. அதன் சொந்த ரூட்டான ‘ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1’ புதிய கணினிகளில் இருந்தது, மேக் ஓஎஸ் 10.12.1க்கு முந்தைய மேக்குகளில் இல்லை. அன்றுவரை ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த மின்னஞ்சல், எந்த செட்டிங்கும் மாறாமலே அன்று நின்றது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 பதிப்பைப் பயன்படுத்தும் மென்பொருள்களில் இன்னொரு வினோதமும் இருந்தது. புதிய ரூட்டும் கணினியில் இருந்தது, ஆனாலும் காலாவதியான பழைய ரூட்டின் வழியே போய் அது தோற்றது. அங்கே பழைய ரூட்டைப் பட்டியலிலிருந்து நீக்கியதுதான் தீர்வாக அமைந்தது.

ரூட்டைக் கையால் சேர்ப்பது கடினமில்லை, கவனம்தான் வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் தளத்திலிருந்து, நன்றாக வேலை செய்யும் ஒரு புதிய கணினியில் ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 கோப்பை இறக்குங்கள். பழைய கணினிக்குப் பென்டிரைவில் கொண்டுவந்து, இரண்டு கணினிகளிலும் அதைத் திறந்து ‘தம்ப்பிரின்ட்’ என்ற கைரேகை எண்ணை ஒப்பிடுங்கள். பிறகு ‘இன்ஸ்டால் சர்டிபிகேட்’ அழுத்தும்போது ‘தானாக இடத்தைத் தேர்ந்தெடு’ என்ற தெரிவை விட்டுவிட்டு, ‘டிரஸ்டட் ரூட் சர்டிபிகேஷன் அதாரிட்டீஸ்’ என்ற இடத்தை நீங்களே காட்டுங்கள். தானாக விட்டால் அது வேறு பெட்டியில் போய் விழுந்து, ‘வெற்றிகரமாக நிறுவப்பட்டது’ என்ற செய்தியும் வந்து, எச்சரிக்கையும் தொடரும். மேக்கில் கீசெயின் ஆக்சஸைத் திறந்து ‘சிஸ்டம்’ கீசெயினில் கோப்பைப் போட்டு, அதை இருமுறை அழுத்தி ‘டிரஸ்ட்’ பகுதியில் எஸ்எஸ்எல் வரிசைக்கு ‘ஆல்வேஸ் டிரஸ்ட்’ கொடுக்க வேண்டும். இந்த ரூட் 2035 வரை செல்லும்.

அவுட்லுக் விண்டோஸின் ரூட் பட்டியலைப் பார்க்கிறது, தண்டர்பேர்டு தன் சொந்தப் பட்டியலைப் பார்க்கிறது. விண்டோஸில் ரூட்டைச் சேர்த்துவிட்டுத் தண்டர்பேர்டில் ஏன் தீரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வதில் பயனில்லை. அதற்குள்ளேயே ‘மேனேஜ் சர்டிபிகேட்ஸ்’ பகுதியில் ‘அதாரிட்டீஸ்’ தாவலில் தனியாகச் சேர்க்க வேண்டும்.

வழங்கியவர் பெயரில் உங்கள் ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால் கதையே வேறு. சில ஆன்டிவைரஸ்கள் அஞ்சலைச் சோதிக்க நடுவில் நின்று, சர்வருக்குப் பதிலாகத் தாம் தயாரித்த சான்றிதழை மென்பொருளிடம் நீட்டும். ஆன்டிவைரஸின் ரூட் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் எச்சரிக்கை வரும். ஆன்டிவைரஸை முழுதாக நீக்க வேண்டியதில்லை. அதன் செட்டிங்ஸில் குறியாக்கப்பட்ட அஞ்சல் இணைப்புகளைச் சோதிக்கும் பகுதியை மட்டும் அணைத்தால் போதும். இணைப்பாக வரும் கோப்பைத் திறக்கும்போது வழக்கமான சோதனை எப்படியும் நடக்கும்.

பொது மொழி இல்லாதபோது

இங்கே பெரும்பாலும் சான்றிதழ் எச்சரிக்கை வராது. ‘சர்வர் இணைப்பைத் துண்டித்தது’, ‘குறிப்பிட்ட குறியாக்க வகையைச் சர்வர் ஏற்கவில்லை’ என்று மொட்டையாக ஒரு பிழைச் செய்தி வரும். சான்றிதழ் காட்டும் கட்டத்துக்கே பேச்சு போகவில்லை. டிஎல்எஸ் 1.0 வந்தது 1999இல், 1.1 வந்தது 2006இல், 1.2 வந்தது 2008இல், 1.3 வந்தது 2018இல். முதல் இரண்டையும் 2021 மார்ச்சில் இணையத் தரநிலை அமைப்பு முறைப்படி ஓய்வுபெறச் செய்தது. சர்வர்கள் ஒவ்வொன்றாக 1.2க்குக் கீழே பேச மறுக்கத் தொடங்கின.

விண்டோஸ் 7 இதில் ஒரு தனி ரகம். அதற்கு 1.2 தெரியும், ஆனால் கிளையன்டாகப் பேசும்போது இயல்பில் அணைத்து வைத்திருக்கும். அதில் ஓடும் அவுட்லுக் 2010 போன்றவை தடுக்கி விழுவது இங்கேதான். திருத்தம் விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது, அதில் ஒவ்வொரு பிரிவுக்கும் ‘சாவி’ என்று பெயர். ‘செக்யூரிட்டி புரொவைடர்ஸ்’ பிரிவில் ‘எஸ்சேனல்’, அதனுள் ‘புரோட்டோகால்ஸ்’, அதனுள் ‘டிஎல்எஸ் 1.2’ என்ற சாவியும் அதனுள் ‘கிளையன்ட்’ என்ற சாவியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உருவாக்குங்கள், ‘டிஎல்எஸ்’க்கும் ‘1.2’க்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. கிளையன்ட் சாவிக்குள் ‘டிசேபிள்டு பை டிஃபால்ட்’ என்ற பெயரை இடைவெளி இல்லாமல் எழுதி, டிவேர்டு மதிப்பை 0 ஆக்குங்கள். ரெஜிஸ்ட்ரியைத் தொடும் முன் ‘எக்ஸ்போர்ட்’ செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், முடித்ததும் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். பாப் (அஞ்சலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை), ஐமேப் (அஞ்சலைச் சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை) கணக்குகளுக்கு இது தேவை. கணக்கு விவரங்களை இணையத்தில் தேடி எடுக்கும் வேலைக்கு விண்டோஸின் வேறொரு பகுதி பயன்படுகிறது. அதற்கு கேபி3140245 என்ற அப்டேட்டும் (சர்வீஸ் பேக் 1 இருந்தால்தான் ஏறும்), ‘டிஃபால்ட் செக்யூர் புரோட்டோகால்ஸ்’ மதிப்பும் தேவை. 1.1, 1.2 இரண்டுக்கும் சேர்த்துப் பத்தடிமான எண்ணில் 2560 என்று கொடுக்க வேண்டும்.

தண்டர்பேர்டு 78ஆம் பதிப்பிலிருந்து சிக்கல் எதிர்ப்பக்கமாக வரும். மென்பொருள் புதிது, 1.0, 1.1 இரண்டையும் மறுக்கிறது, ஆனால் சர்வர் பழசு. ‘கான்ஃபிக் எடிட்டர்’ திறந்து டிஎல்எஸ் குறைந்தபட்சப் பதிப்பு என்ற மதிப்பை 3இலிருந்து 1ஆக இறக்கினால் 1.0 மறுபடி வேலை செய்யும். 3 என்பது 1.2ஐக் குறிக்கிறது. சர்வரைப் புதுப்பிக்கும்வரை, அதுவும் நீங்கள் நம்பும் உள் வலையமைப்பில் மட்டும் செய்யலாம். பிறகு மறக்காமல் 3க்கு மாற்றுங்கள். இந்த மதிப்பு ஒரு கணக்குக்கு மட்டும் உரியது அல்ல, மென்பொருளில் இருக்கும் எல்லாக் கணக்குக்கும் சேர்த்துக் கதவைத் திறந்துவிடுகிறது.

எக்ஸ்பியும் அவுட்லுக் எக்ஸ்பிரஸும் என்றால் செட்டிங்ஸில் தேடிப் பயனில்லை. எக்ஸ்பியின் குறியாக்கப் பகுதி 1.0க்கு மேல் போகாது, ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையே அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்த ஆர்சி4 முறை 2015இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் அதே எக்ஸ்பியில் தண்டர்பேர்டு 52.9 ஓடும், எக்ஸ்பிக்கு வந்த கடைசிப் பதிப்பு வரிசை அது. தண்டர்பேர்டு தன் குறியாக்க நூலகத்தைத் தானே சுமந்து வருவதால் டிஎல்எஸ் 1.2 பேசும், ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1ஐயும் அறியும். கணினியை மாற்றவே முடியாத இடத்தில் இது கைகொடுக்கும். எச்டிஎம்எல்லை அணைத்து, எழுத்து மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஓட்டைகளை இனி யாரும் அடைக்கப்போவதில்லை.

சர்வர் நடத்துபவர்களுக்கு ஒன்று. சர்ட்பாட் 2.0 முதல் இயல்பாகச் சான்றிதழுக்கு ஆர்எஸ்ஏ வகைக் குறியாக்கச் சாவிக்குப் பதில், புதிய வகையான ஈசிடிஎஸ்ஏ சாவியை உருவாக்குகிறது. சில பழைய மென்பொருள்களுக்கு அது புரியாது. பெயர், தேதி, ரூட், டிஎல்எஸ் பதிப்பு நான்கும் சரி, ஆனாலும் ஒரே ஒரு பழைய கணினி மட்டும் இணைய மறுக்கிறது என்றால் சாவியின் வகையைப் பாருங்கள். சாவி வகையை ஆர்எஸ்ஏ என்று குறிப்பிட்டுச் சான்றிதழை மறுபடி எடுத்தால் தீரும்.

போர்ட் குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 993, 995, 465 மூன்றும் தொடங்கும்போதே குறியாக்கம் கேட்பவை. 143, 110, 587 மூன்றும் வெறும் எழுத்தில் தொடங்கி ‘ஸ்டார்ட்டிஎல்எஸ்’ சொன்ன பிறகு மாறுபவை. பழைய அவுட்லுக்கில் ‘எஸ்எஸ்எல்’ என்ற தெரிவு முதல் வகை, ‘டிஎல்எஸ்’ என்ற தெரிவு இரண்டாவது வகை. பெயரைப் பார்த்து டிஎல்எஸ் புதியது, ஆகவே பாதுகாப்பானது என்று 465க்குக் கொடுத்தால் இணைப்பு தொங்கி நிற்கும். மிகப் பழைய தண்டர்பேர்டில் ‘கிடைத்தால் டிஎல்எஸ்’ என்று ஒரு தெரிவு இருந்தது. அது எச்சரிக்கையே காட்டாது, கிடைக்காவிட்டால் பாஸ்வேர்டை வெறும் எழுத்தில் அனுப்பிவிடும். உங்கள் கணக்கில் அது இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

விதிவிலக்கு கொடுப்பது

தண்டர்பேர்டில் ‘கன்ஃபர்ம் செக்யூரிட்டி எக்செப்ஷன்’ பொத்தான் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. உங்களுடைய சொந்தச் சர்வர், அதற்கு நீங்களே கையெழுத்திட்ட சான்றிதழ், சர்வரில் நேரடியாகப் பார்த்த கைரேகை எண்ணும் பெட்டியில் தெரியும் எண்ணும் ஒன்று: இந்த நிலையில் மட்டும் தாராளமாக அழுத்தலாம். மற்ற இடங்களில் அது தீர்வே இல்லை, ஒத்திப்போடுதல்தான். விதிவிலக்கு அந்தக் குறிப்பிட்ட சான்றிதழோடு கட்டப்பட்டது, சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டதும் எச்சரிக்கை திரும்பி வரும். பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2020 செப்டம்பர் முதல் 398 நாட்களாக இருந்தது, 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027இல் 100 நாள், 2029இல் 47 நாள் என்று குறைக்க முடிவாகியிருக்கிறது. ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு ‘ஆம்’ அழுத்தும் கை, உண்மையான திருடன் வரும் நாளிலும் அழுத்தும். முன்பு கொடுத்த விதிவிலக்குகளை ‘மேனேஜ் சர்டிபிகேட்ஸ்’ பகுதியின் ‘சர்வர்ஸ்’ தாவலில் பார்த்து நீக்கலாம்.

மென்பொருளை விடவே முடியாது என்றால்

கணக்கு வழக்கு மென்பொருளோடு பின்னிப் பிணைந்த பழைய அஞ்சல் மென்பொருள், ஸ்கேன் செய்து அஞ்சல் அனுப்பும் பழைய பிரின்டர் என்று சிலவற்றை உடனே மாற்ற முடியாது. அதற்கு எஸ்டனல் என்ற சிறு நிரல் உதவும். அதே கணினியில், அந்தக் கணினியையே குறிக்கும் 127.0.0.1 முகவரியில் 1143 போன்ற ஒரு போர்ட்டில் காத்திருக்கும்படி அதை அமையுங்கள். பழைய மென்பொருள் அங்கே குறியாக்கம் இல்லாமல் பேசும். எஸ்டனல் அதை வாங்கி, டிஎல்எஸ் 1.2இலோ 1.3இலோ உண்மையான சர்வரின் 993க்குக் கொண்டுபோகும். அனுப்புவதற்கு இன்னொரு போர்ட்டில் 465க்கு ஒரு பகுதி எழுத வேண்டும்.

இதில் பலர் தவறும் இடம் ஒன்று. எஸ்டனல் இயல்பாகச் சான்றிதழைச் சரிபார்ப்பதே இல்லை. ‘கிளையன்ட்’ தெரிவை மட்டும் கொடுத்துவிட்டு, எச்சரிக்கை போய்விட்டது என்று மகிழ்ந்தால், காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வீடு அமைதியாக இருக்கிறது என்று சொல்வது போலத்தான். ‘வெரிஃபைசெயின்’ தெரிவுக்கு ஆம் என்றும், ‘சிஏஃபைல்’ தெரிவுக்கு ரூட் சான்றிதழ்கள் இருக்கும் கோப்பையும், ‘செக்ஹோஸ்ட்’ தெரிவுக்குச் சர்வரின் பெயரையும் கட்டாயம் கொடுங்கள். பிறகு ‘செக்ஹோஸ்ட்’ பெயரை வேண்டுமென்றே தவறாக எழுதி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இணைப்பு தோற்க வேண்டும். தோற்காவிட்டால் சரிபார்ப்பு நடக்கவில்லை. பிரின்டருக்காக எஸ்டனலை வேறொரு கணினியில் வைத்தால், பிரின்டருக்கும் அந்தக் கணினிக்கும் நடுவில் பாஸ்வேர்டு வெறும் எழுத்தில் போகும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் தனி அஞ்சல் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

சான்றிதழை எல்லாம் சரிசெய்த பிறகு ‘பாஸ்வேர்டு தவறு’ என்று வந்தால் திகைக்க வேண்டாம், அது வேறு கதவு. ஜிமெயில் தனிநபர் கணக்குகளில் 2022 மே 30 முதல் சாதாரணப் பாஸ்வேர்டைப் பழைய மென்பொருளில் கொடுத்து நுழைய முடியாது. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துள்ள ஆப் பாஸ்வேர்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவுட்லுக்.காம் தனிநபர் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16 முதல் அதுவும் நின்றுவிட்டது. பாஸ்வேர்டை மென்பொருளிடம் கொடுக்காமல் நுழையும் ஓஆத் முறை தெரிந்த மென்பொருள்தான் நுழைய முடியும், எஸ்டனலால் இங்கே எதுவும் செய்ய இயலாது.

அந்த நிலையில் இருப்பவர்கள் அஞ்சலை எடுத்துக்கொண்டு இடம் மாறுவதே நல்லது. மென்பொருளை மூடிவிட்டு, அதன் தரவுக் கோப்புகளை முதலில் அப்படியே பிரதி எடுங்கள். அவுட்லுக்கில் பிஎஸ்டி கோப்பு, அவுட்லுக் எக்ஸ்பிரஸில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு டிபிஎக்ஸ் கோப்பு, தண்டர்பேர்டில் முழு புரொஃபைல் ஃபோல்டர். அவுட்லுக் 2002 வரையிலான பிஎஸ்டி 2 ஜிபியை நெருங்கியிருந்தால் அதில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள், அந்த எல்லையைத் தாண்டினால் கோப்பே கெட்டுவிடும். பாப் கணக்காக இருந்தால் அஞ்சல் பெரும்பாலும் கணினியில் மட்டும்தான் இருக்கும். பழைய மென்பொருளால் சர்வரோடு இன்னும் பேச முடிகிறது என்றால் அதிலேயே ஐமேப் கணக்கு ஒன்றைச் சேர்த்து, ஃபோல்டர்களைச் சில நூறு அஞ்சல்களாக இழுத்துப் போடுங்கள். மொத்தமாக இழுத்தால் நடுவில் அறுந்து எது போனது, எது போகவில்லை என்று தெரியாது. எண்ணிக்கையை இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பழையதை நீக்குங்கள்.

புதிய மென்பொருளில் அஞ்சல் ஓடத் தொடங்கியதும், பழையதில் சேமித்துவைத்த பாஸ்வேர்டை அழித்து, கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். இத்தனை நாள் ‘ஆம்’ அழுத்தியபோது அது யாரிடமெல்லாம் போனது என்று இப்போது கண்டுபிடிக்க வழியில்லை.